குணமானால் கவலைப்படும் டாக்டர்

வலிக்கிறது என்று வருகிறவர்களைப் பார்த்து முகம் சுளிக்கும் மருத்துவர்களை நான் ஏராளமாகப் பார்த்திருக்கிறேன். அரசு மருத்துவமனைகளுக்கு உபகரணம் கொள்முதல் செய்யும் அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவனுக்கு அது ஒன்றும் பெரிய அனுபவம் அல்ல. ஆனால் சரியாகிவிட்டது என்று சொல்லி வருகிறவரைப் பார்த்து முகம் சுளித்த மருத்துவர் ஒருவரைத்தான் பார்த்தேன். அவர் ஒரு பல் டாக்டரம்மா. ஒரகடத்திலிருந்து படப்பை போகும் சாலையில், சேரப்பணஞ்சேரியில், ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில் அவருடைய கிளினிக் இருந்தது. கீழே கம்பெனி பஸ்கள் நிற்கும். ஷிப்ட் முடிந்து இறங்குகிறவர்களில் பாதிப்பேர் பேக்கரிக்குள் போவார்கள்; பப்ஸைக் கடித்து வலி கண்டவர்கள் மாடி ஏறுவார்கள். இடத்தேர்வு என்றால் அதுதான்.

நான் அங்கே போனது ஒரு பல்லைப் பிடுங்க. காத்திருந்த நேரத்தில் சுவரில் மாட்டியிருந்த தீயணைப்பு உருளை காலாவதியாகியிருப்பதையும், ரத்தம் பட்ட பஞ்சு மஞ்சள் பைக்குப் போகாமல் சிவப்புப் பைக்குப் போவதையும், கிருமி நீக்கும் எந்திரத்துக்குச் சோதனைப் பட்டை வைக்காததையும் கண்டுபிடித்து, மயக்க ஊசி போட்டு வாய் மரத்துப்போன நிலையிலும் அவரிடம் விளக்கினேன். பாதி புரிந்திருக்காது. முழுவதையும் கேட்டுவிட்டு, "சார், இவ்வளவு தெரிஞ்சவர் வூட்ல சும்மா உக்காந்திருந்தா வூட்ல இருக்கறவங்களுக்குக் கஷ்டம். இங்க வந்து இதையெல்லாம் நீங்களே பாத்துக்கங்க" என்றார். என் மனைவி அந்த டாக்டரைப் பார்த்ததே இல்லை. ஆனாலும் அன்று முதல் அவரைத் தெய்வம் என்றுதான் சொல்லிவந்தாள்.

கிளினிக்கில் எனக்கு ஒரு மேஜை கிடைத்தது. அங்கிருந்து பார்த்ததைத்தான் எழுதுகிறேன்.

நம் ஊரில் மருத்துவருக்குப் படிப்பைவிட முக்கியமானது கைராசி. அந்தக் கைராசி என்ற சொல்லைக் கேட்டால் இவருக்கு ஆகாது. ஒரு பஸ் ஓட்டுநர் வந்தார். போன வாரம் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்தவர், இந்த வாரம் சிரித்துக்கொண்டு வந்தார்.

"சரியாப்பூட்ச்சி டாக்டர். உங்க கைராசி அப்படி."

"நான் இன்னும் ஒண்ணுமே பண்ணலையே. எக்ஸ்ரே தானே எடுத்தேன்."

"அதுலயே சரியாப்பூட்ச்சி."

டாக்டரின் முகம் வாடிவிட்டது. ஏதோ கெட்ட சேதி கேட்டவர்போல, "வலி எப்ப நின்னுச்சு? ஒரேயடியா நின்னுச்சா, கொஞ்சங்கொஞ்சமாவா? சூடா டீ குடிச்சா தெரியுதா?" என்று விசாரித்தார். பிறகு, "பல்லுக்குள்ள நரம்பு செத்துப்போச்சு. அதான் வலியில்ல. அடுத்தது சீழ் பிடிக்கும். உக்காருங்க" என்றார். சந்தோஷமாக வந்த மனிதர் ஒரு மணி நேரம் வாயைத் திறந்து படுத்திருந்துவிட்டுப் போனார். போகும்போது கைராசி பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

இன்னொரு பெண்ணுக்கு வாயில் ஓயாமல் புண் வந்துகொண்டிருந்தது. டாக்டர் கொடுத்த களிம்பில் ஆறிவிட்டது என்று ஒரு பெட்டி மைசூர்பாகோடு வந்தாள். வேறு யாராக இருந்தாலும் மைசூர்பாகை வாங்கிக்கொண்டு, அந்தக் களிம்பை இன்னும் நாலு பேருக்கு எழுதியிருப்பார்கள். இவர் மைசூர்பாகைத் தள்ளிவைத்துவிட்டு, "வேற என்ன மாத்துன?" என்று கேட்டார். அதுதான் அவருடைய வேதவாக்கு. என்ன சாப்பிட்டாய், எங்கே தூங்கினாய், யாரோடு சண்டை, எதை நிறுத்தினாய் என்று துருவித் துருவிக் கேட்டதில், வீட்டில் பேஸ்ட் தீர்ந்துபோய் அவள் மாமியாரின் பல்பொடியில் பல் தேய்த்துக்கொண்டிருந்தது வெளியே வந்தது. "அப்ப என் மருந்தை நிறுத்திடு. பல்பொடியையே தேய். மறுபடி வருதான்னு பாக்கலாம்" என்றார். மறுபடி வரவில்லை. அவளும் வரவில்லை. தொழில் நடத்தும் லட்சணம் இது.

இப்படிப்பட்டவருக்கு ஊரில் என்ன பெயர் கிடைக்கும்? "அந்தம்மாவுக்கே தன்மேல நம்பிக்கை இல்லப்பா" என்று படியில் இறங்கிக்கொண்டே ஒருவர் சொன்னதை நானே கேட்டேன். டாக்டரிடம் சொன்னேன். "கரெக்டா சொல்லியிருக்காரே" என்றார்.

அவருடைய கணவருக்கு நம்பிக்கைக்குக் குறைவே இல்லை. தம்பதிக்குள் ஒரு சமநிலை வேண்டும் என்று கடவுள் நினைத்திருக்கலாம். வல்லம் வடகால் பக்கம் அவர்கள் குடும்பத்துக்கு நிலம் இருந்தது. தொழிற்பேட்டைக்கு நிலம் போனது. வந்த பணத்தில் கட்டடம் எழுந்தது. கட்டடத்தில் தெற்கத்திப் பிள்ளைகள் வாடகைக்கு வந்தார்கள். கிளினிக் இருந்த கட்டடமும் அவருடையதுதான். நெல்லுக்குப் பதிலாக அறைகள் விளைகிற காலத்தில், பல் விளையாதா என்பது அவர் எண்ணம். சென்னையில் நடந்த பல் மருத்துவக் கண்காட்சிக்கு டாக்டர் போக மறுத்ததால், இவர் போனார். பல்லைத் தவிர எல்லாம் தெரிந்தவராகத் திரும்பி வந்தார்.

"சார், நியூரோமஸ்குலர்னு ஒண்ணு கீது. கேள்விப்பட்டுக்கீறீங்களா? பல்லுல கோளாறே இல்ல சார். தாடைலதான் எல்லாமே. தலைவலி, கழுத்துவலி, காது அடைப்பு, எல்லாத்துக்கும் தாடைதான் காரணம். இந்தப் பக்கம் பத்தாயிரம் பேர் வேலை செய்றான். எவனுக்குக் கழுத்துவலி இல்ல, சொல்லுங்க."

முதலீட்டுக்கான நியாயம் இவ்வளவு சுருக்கமாக எழுதப்பட்டு நான் பார்த்ததில்லை. அரசில் ஒரு பஞ்சு மூட்டை வாங்கக்கூட மூன்று விலைப்புள்ளி வேண்டும். தொழில்நுட்பக் குழு கூட வேண்டும். அந்தக் குழுவில் ஒருவர் விடுப்பில் போக வேண்டும். தனியாரில் அதெல்லாம் இல்லை. ஒரு டை கட்டின இளைஞர் போதும்.

டை கட்டின இளைஞர் வந்தார். கம்பெனிப் பிரதிநிதி. மெஷினும் வந்தது. கன்னத்திலும் பிடரியிலும் வில்லைகளை ஒட்டுவார்கள். அவற்றின் வழியாக மெல்லிய மின்துடிப்பு போய்த் தாடைத் தசையைத் தளர்த்தும். தசை எவ்வளவு இறுகியிருக்கிறது, தாடை எப்படி அசைகிறது என்பது திரையில் வண்ண வண்ணமாக மலைபோல எழுந்து விழும். தளர்ந்த தாடை எங்கே போய் நிற்கிறதோ அதுதான் அதன் சரியான இடமாம். இதுவரைக்கும் யாருக்கும் நஷ்டமில்லை. அடுத்த படிதான் விஷயம். அந்தச் சரியான இடத்தில் தாடை நின்றால் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சேராது. ஆகவே சேரும்படி எல்லாப் பற்களையும் ராவி, ஒவ்வொன்றுக்கும் மூடி போட வேண்டும். நல்ல பற்களை. ராவின பல் திரும்ப வளராது என்பது விளம்பரத் தாளில் இல்லை. இருந்திருந்தால் எழுத்து சிறியதாக இருந்திருக்கும்.

செய்து காட்ட ஓர் ஆள் வேண்டும் என்றார்கள். என் மேஜைதான் அருகில் இருந்தது. காத்திருந்த நோயாளிகள் எல்லோரும் பார்க்க, முகம் முழுக்க வயர்களோடு உட்கார்ந்தேன். என் தாடை தானாகத் துள்ளத் தொடங்கியது. பணிக்காலம் முழுவதிலும் என் வாயை இஷ்டத்துக்கு ஆடவைத்த முதல் மேலதிகாரி அந்த மெஷின்தான்.

"சார், உங்க தாடை தப்பான பொசிஷன்ல இருக்கு" என்றார் பிரதிநிதி, கவலையோடு.

"பிறந்ததிலிருந்து அங்கேதான் இருக்கிறது" என்றேன்.

டாக்டர் சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "தம்பி, ஒரு கோளாறும் இல்லாத ஆளுக்குப் போட்டா, சரியா இருக்குன்னு சொல்லுமா இது?" என்று கேட்டார். பிரதிநிதி சிரித்தார். டாக்டர் சிரிக்காமல் கணவரை உட்காரச் சொன்னார். எலும்பைக் கடித்துத் துப்பும் மனிதர் அவர். தலைவலி என்பது அடுத்தவருக்கு வருவது. அவருக்கும் மலைகள் எழுந்தன. அவருடைய தாடையும் தப்பான இடத்தில்தான் இருந்தது.

"வலி பின்னாடி வரும் மேடம். இப்ப சைலண்ட்டா இருக்கு" என்றார் பிரதிநிதி.

கணவர் அந்த வாரம் முழுவதும் கண்ணாடி முன்னால் தாடையைத் தடவிக்கொண்டிருந்தார். மெஷின்மேல் அவருக்கு மரியாதை கூடிவிட்டது. சோதனை முறையில் சில வாரம் வைத்துப் பார்க்கலாம், பிடித்தால் வாங்கலாம் என்று முடிவாயிற்று. மெஷின் என் மேஜைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. நான் அதன் வருகையைக் கையிருப்புப் பதிவேட்டில் ஏற்றினேன். யாரும் கேட்கவில்லை, வழக்கம்.

இங்கேதான் இசக்கி வருகிறாள். சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். வண்டிகளுக்கு வயர்க் கட்டு செய்யும் கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலை, ஹாஸ்டலில் ஓர் அறையில் ஆறு பேரில் ஒருத்தியாக வாசம். வாயை இரண்டு விரல் அகலத்துக்கு மேல் திறக்க முடியவில்லை. காதுக்கு முன்னால் கை வைத்தால் கண்ணில் நீர் வந்தது. அதே கம்பெனியிலிருந்து அதே மாதிரி வலியோடு இன்னும் நாலைந்து பேர் வந்தார்கள். எல்லோருக்கும் வில்லை ஒட்டப்பட்டது. அடுத்த வாரமே எல்லோரும் வாயை நன்றாகத் திறந்தார்கள். மெஷின் கம்பெனி அனுப்பிய சென்னை நிபுணர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை வந்து, இசக்கியின் வாயைப் பார்த்து, முழு வாய்க்கும் மூடி போட்டுத் தாடையை அந்த இடத்தில் நிரந்தரமாக நிறுத்திவிடலாம், இவளே முதல் கேஸ் என்று சொல்லிவிட்டுப் போனார். முதல் கேஸ் என்பதால் பாதிச் செலவு மெஷின் கம்பெனியுடையது. கணவர் பஞ்சாங்கம் பார்த்து, வளர்பிறையில் ஒரு வியாழக்கிழமையைக் குறித்தார். இருபத்தொரு வயதுப் பெண். ஒரு சொத்தை கிடையாது.

"பாத்தியாம்மா? வந்தவங்க அத்தினி பேருக்கும் சரியாப்பூட்ச்சி. இன்னா சொல்ற இப்ப?" என்றார் கணவர்.

டாக்டரின் முகம் இருண்டது. "எல்லாருக்கும் ஒரே வாரத்துல எப்படிங்க சரியாகும்?"

"மெஷின் ஒண்ணுதானே."

"பஸ்ஸும் ஒண்ணுதான்."

அவர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டார். எல்லோரும் ஒரே பஸ், ஒரே லைன், ஆகவே ஒரே ஷிப்ட். வலியோடு வந்து வில்லை ஒட்டிக்கொண்ட வாரம் அவர்களுக்கு நைட் ஷிப்ட். வலி சரியான வாரம் காலை ஷிப்ட். வியாழக்கிழமையைத் தள்ளிவைத்தார். "மறுபடி நைட் ஷிப்ட் வரட்டும், பாக்கலாம்" என்றார்.

"நாள் பாத்து வெச்சிக்கீறேன்" என்றார் கணவர்.

"நாள் திரும்ப வரும். பல்லு வராது."

இசக்கிக்கு இது பிடிக்கவில்லை. தள்ளிவைத்ததைக் கேட்டதும், "எப்ப டாக்டர் செய்வீய?" என்று என்னைத்தான் முறைத்தாள். வயதானவன் என்றால் எல்லாவற்றுக்கும் நான்தான் காரணம் என்று ஓர் எண்ணம் உண்டு, எங்கள் வீட்டில் தொடங்கி.

காத்திருந்த அந்த நாட்களில் டாக்டர் சாப்பாட்டு வேளையில்கூட அந்தச் சிகிச்சையைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருந்தார். பலன் உண்டு என்று சொல்கிறவர்கள் மெஷின் வைத்திருப்பவர்கள், நிரூபணம் போதாது என்று சொல்கிறவர்கள் மெஷின் வைத்திருக்காதவர்கள் என்று நான் என் ஆய்வு முடிவைச் சொன்னேன். "அதுல ரெண்டாவது கட்சிதான் சார் ஆள் அதிகம். ராவறதுக்கு முன்னாடி திரும்ப எடுக்கக்கூடிய வைத்தியம் எல்லாத்தையும் செஞ்சு பாருங்கன்னு சொல்றாங்க" என்றார். பிறகு, "ஒருவேளை நெஜமாவே சரியாயிருந்தா? நான்தான் பிடிவாதம் பிடிக்கிறேனோ?" என்று என்னைக் கேட்டார். தன் சந்தேகத்தையே சந்தேகப்படுகிறவரோடு வேலை பார்ப்பது அலுப்பான காரியம்.

நைட் ஷிப்ட் வாரம் வந்தது. வில்லை ஒட்டுவது நிற்கவில்லை; ஆனாலும் புதன்கிழமைக்குள் வலி திரும்பிவிட்டது, எல்லோருக்கும். இசக்கி காலையில் பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே மாடி ஏறினாள். டாக்டர் அவள் வாயருகே குனிந்தவர், அப்படியே நின்றார்.

"வாய்ல என்ன வாசம்?"

"பேஸ்ட்டு டாக்டர்."

"நைட்டு பூரா வேலை பாத்துட்டு வர்ற. எங்க பல் தேய்ச்ச?"

இசக்கி தரையைப் பார்த்தாள். டாக்டர் அவள் கழற்றி மடியில் வைத்திருந்த முகக்கவசத்தைத் திருப்பிப் பார்த்தார். உள்பக்க ஓரத்தில் மென்று வெளுத்த பபிள் கம் ஒட்டியிருந்தது.

"எவ்வளவு நேரம் மெல்லுவ?"

"ஷிப்ட் முடியுத வரைக்கும். மெல்லலைன்னா கண்ணு சொக்கிரும் டாக்டர். எங்கிட்டருந்து அடுத்தவ கைக்கு வயர் போகலைன்னா லைன் நிக்கும். சூப்பர்வைசர் மைக்குல பேர் சொல்லிக் கூப்பிடுவாரு. மாஸ்க் போட்டிருக்கதுனால வாய் அசையுறது தெரியாது. எல்லாப் பிள்ளைகளும் மெல்லத்தான் செய்யும்."

"பகல்ல தூங்குவியா?"

"ரூம்ல ஆறு பேருக்கும் ஒரே ஷிப்டா டாக்டர்? ஒருத்தி தூங்கையில ஒருத்தி மிக்ஸி போடுவா. பல்லைக் கடிச்சுக்கிட்டுப் படுத்திருப்பேன்."

எட்டு மணி நேரம் மென்றால் யானைக்கும் தாடை வலிக்கும். தசை இறுக்கத்தைப் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் வரை அளந்த மெஷின், வாயில் என்ன என்று கேட்கவில்லை. அதற்கு மூக்கு இல்லை. குற்றம் சொல்ல முடியாது.

டாக்டர் நிதானமாக எடுத்துச் சொன்னார். பல்லில் ஒன்றும் இல்லை, மூடி வேண்டாம், தூங்கும்போது பல் கடிக்காமல் இருக்க ஒரு தகடு செய்து தருகிறேன், மெல்லுவதை நிறுத்து, முடிந்தால் கொஞ்ச நாள் நைட் ஷிப்டை விடு. கேட்கக் கேட்க அந்தப் பெண்ணின் முகம் இறுகியது.

"பணக்காரங்கன்னா மெஷின் வச்சுப் பாத்து, பல்லு பூரா மூடி மாட்டுவீய. எங்களுக்குன்னா பபிள் கம்மைத் துப்புன்னு சொல்லுதீய."

"அப்படி இல்லம்மா. நல்ல பல்லு. ராவிட்டா போச்சு."

"போனா போகட்டும். நைட் ஷிப்டை யாரு மாத்திக் குடுப்பா? வலின்னு நாலு நாள் லீவு போட்டாலே காண்ட்ராக்டர் அடுத்த மாசம் வராதம்பாரு. எங்க அக்காளையும் அப்படித்தான் நிப்பாட்டுனாங்க. ஷிப்டை மாத்துறதைவிடப் பல்லை மாத்துறது சுளுவு டாக்டர். நீங்க செய்யலைன்னா சொல்லுங்க, அந்த சென்னை டாக்டர்ட்ட போறேன்."

அந்த வாதத்தில் எந்த ஓட்டையும் இல்லை. ஒரு வாரம் பொறு, நான் ஷிப்டுக்கு எழுதித் தருகிறேன் என்று டாக்டர் கெஞ்சி அனுப்பினார். நோயாளியிடம் கெஞ்சிய பல் டாக்டரை அன்றுதான் பார்த்தேன்.

கடிதம் எழுதினார். தெளிவான, உண்மையான, நேர்மையான கடிதம். இரண்டாம் நாளே திரும்பி வந்தது. பல்வலிக்கெல்லாம் ஷிப்ட் மாற்ற முடியாது என்று மனிதவள அலுவலகத்தில் சொல்லிவிட்டார்களாம்.

அது திரும்பி வரும் என்று எனக்கு முன்பே தெரியும். "இணைப்பு எங்கே?" என்றேன்.

"என்ன இணைப்பு?"

"இணைப்பு இல்லாத கடிதத்தை எந்த அலுவலகமும் மதிக்காது. கடிதத்தை யாரும் படிக்கமாட்டார்கள். பின்னால் எத்தனை தாள் இருக்கிறது என்றுதான் பார்ப்பார்கள். வண்ணத்தில் இருந்தால் விசேஷம்." மெஷினைக் காட்டினேன். இசக்கியின் தாடை மலைகள் அதற்குள் இருந்தன.

"அந்தப் படத்துக்கு ஒரு அர்த்தமும் இல்ல சார். உங்களுக்கும் அதே மலைதான் வந்துச்சு."

"அர்த்தம் இருக்கிறது என்று நாம் எழுதப்போவதில்லை. இணைத்துள்ளேன் என்று எழுதப்போகிறோம்."

அவர் ஒத்துக்கொள்ளவில்லை. அரைநாள் வாதாடினோம். நான் வரைந்த கடிதத்தை மூன்று முறை அடித்தார். கடைசியில், இணைப்பில் உள்ள பதிவை வைத்து நோயைத் தீர்மானிக்க முடியாது, இரவு வேலையும் தொடர்ந்து மெல்லுவதும்தான் காரணம் என்று கருதுகிறேன் என்ற வாக்கியத்தைத் தன் கையாலேயே சேர்த்தார். அதற்கு அடியில் ஒரு கோடும் போட்டார். இந்த மலையை நம்பாதீர்கள் என்று சொல்லும் கடிதத்தோடு மலையை இணைத்து அனுப்பிய விசித்திரம் கொள்முதல் வரலாற்றிலேயே கிடையாது.

மறுநாள் சாயங்காலம் இசக்கி ஓடி வந்தாள். அடுத்த உத்தரவு வரை ஜெனரல் ஷிப்ட், பகல் வேலை மட்டும். கம்பெனி மருத்துவ அறையில் அந்த வண்ணத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்களாம். "இவ்வளவு சீரியஸா இருக்கா, முன்னாடியே ஏன் சொல்லலை?" என்று கேட்டார்களாம். கோடு போட்ட வாக்கியத்தைப் பற்றி ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

தகடு மாட்டிக்கொண்டு ராத்திரி தூங்கினாள். மெல்லத் தேவை இல்லாமல் போயிற்று. அந்த மாத முடிவில் மூன்று விரலைச் செங்குத்தாக வாய்க்குள் வைத்துக் காட்டினாள். பற்கள் அத்தனையும் அவளுடையவை.

கதை இங்கே முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்கவேண்டியதில்லை.

இசக்கிக்கு ஷிப்ட் மாறிய வார ஞாயிற்றுக்கிழமை பேக்கரி வாசலிலிருந்து மாடி வரை வரிசை நின்றது. எல்லோரும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். சிலர் எந்தப் பக்கம் வலி என்று கேட்டால் கொஞ்சம் யோசித்தார்கள்.

"பல்லுக்கு என்ன?" என்று முதலில் நின்ற பையனைக் கேட்டேன்.

"பல்லுக்கு ஒண்ணுமில்ல சார். கிராஃப் எடுக்கணும். நைட் ஷிப்டை நிப்பாட்டுற கிராஃப்."

கணவர் மாடிப்படியில் நின்று வரிசையைப் பார்த்தார். நிலம் விற்ற அன்றுகூட அவர் முகம் அப்படி மலர்ந்திருக்காது.

"இப்ப இன்னா சொல்ற டாக்டரம்மா? வேஸ்ட்டு வேஸ்ட்டுன்னியே. ராவ வேணாம், மூடி போட வேணாம். சும்மா படம் எடுத்துக் குடுத்துகினு இருந்தாலே போதும். போடற காசு தானா வந்துடும்."

அந்தச் சிகிச்சையில் முதலீடு செய்யலாமா என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் கிடைக்காது. இவ்வளவு நாளும் பலன் உண்டா என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தோம். சந்தை உண்டு. எல்லா நிபந்தனையும் பூர்த்தியாகிவிட்டது. கொள்முதலுக்கு நானே பரிந்துரை எழுதியிருப்பேன்.

டாக்டர் பிரதிநிதிக்குப் போன் செய்து, மறுநாளே வந்து மெஷினை எடுத்துப்போகச் சொன்னார்.

வரிசையில் இருந்தவர்களிடம், "கிராஃப் கிடையாது. நெஜமா வலிக்கிறவங்க மட்டும் இருங்க" என்றார். பாதிப்பேர் இறங்கினார்கள். மீதிப்பேர் நின்றார்கள், அவர்களுக்கெல்லாம் முகக்கவசத்துக்குள் பபிள் கம் இருந்தது. கணவர் அன்று ராத்திரி கடையில் சாப்பிட்டார் என்று பேக்கரிக்காரர் சொன்னார்.

பிரதிநிதி நஷ்டப்படவில்லை. இறங்கிப்போன பாதிப்பேர் எங்கே போவார்கள் என்று யோசிக்கத் தெரிந்தவர். ஒரகடம் கூட்டுரோட்டில் கண்ணாடிக் கதவு வைத்த ஒரு பல் கிளினிக்கில் அதே மெஷின் போய் உட்கார்ந்தது. அங்கே கிராஃப் கொடுத்தார்கள். ஆனால் கிராஃப் மட்டும் தனியாகக் கிடைக்காது, சிகிச்சைக்குச் சம்மதித்தால்தான். சில மாதம் கழித்து அங்கே சிகிச்சை எடுத்துக்கொண்ட இருவர் எங்கள் மாடி ஏறி வந்தார்கள். இளவயது. வாய் நிறைய வெள்ளை வெளேரென்று மூடிகள். வலி அப்படியே இருந்தது. கம்பெனிகள் விழித்துக்கொண்டு கிராஃப்பை ஏற்பதை நிறுத்தியிருந்தன. ஆகவே ஷிப்டும் அப்படியே இருந்தது.

அவர்கள் போன பிறகு டாக்டர் கையைக் கழுவிக்கொண்டே இருந்தார். எனக்குச் சும்மா இருக்கத் தெரியாது.

"அன்றைக்கு மெஷினை வைத்துக்கொண்டிருந்தால் இவர்கள் இங்கே வந்திருப்பார்கள். நீங்கள் ஒரு படத்தை மட்டும் எடுத்துக் கொடுத்து அனுப்பியிருப்பீர்கள். பல்லாவது மிஞ்சியிருக்கும்."

குழாயை மூடினார். நான் சொன்னதை மறுப்பார் என்று நினைத்தேன். மறுக்கவில்லை.

"முதல் மாசம் படம் மட்டும் குடுத்திருப்பேன் சார். கம்பெனிக்காரங்க படத்தை ஏத்துக்கறதை நிறுத்தின மாசம் என்ன பண்ணியிருப்பேன்? இவ்வளவு பெரிய மெஷின் சும்மா கெடக்குதேன்னு அவர் தினம் கேப்பாரு. நானும் தினம் அதைப் பாத்துகினே உக்காந்திருப்பேன். யாராவது ஒரு கேஸுக்கு இது நெஜமாவே தேவைதானோன்னு ஒரு நாள் எனக்கே தோணிடும்."

துண்டை எடுத்துக் கையைத் துடைத்தார்.

"யானையை வாங்கிக் கட்டினா தீனி போட்டுத்தான் ஆகணும் சார். இந்த யானை பல்லைத்தான் தின்னும். அடுத்தவங்களை வரச் சொல்லுங்க."